ஒரு பல்தானேனு விட்டுடாதீங்க!

“பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு டாக்டர். இன்னும் நாற்பது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள எனக்கு அந்த ‘ஸ்க்ரூ பல்’ வச்சுக் கொடுத்துடுங்க. காசைப் பத்திக் கவலையில்லை!”

புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார் அந்த அம்மா. ஐம்பத்திரண்டு வயது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. அடிபட்டு விழுந்ததில்லை. ஆறு மாதமாக ஆடிக்கொண்டே இருந்து, ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது கையோடு வந்துவிட்டதாம்.

“சர்க்கரை இருக்காம்மா?”

“இருக்கு... மாத்திரை போடறேன். கண்ட்ரோல்லதான் இருக்கு.”

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். கடந்த மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ‘ஹெச்பிஏ1சி’ 10.4 என்று வந்தது. 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 10 என்றால் கண்ட்ரோல் என்ற பேச்சுக்கே இடமில்லை!

அவருக்கு நான் இம்பிளான்ட் வைக்கவில்லை. முகம் வாடி எழுந்து போனார். ஏன் மறுத்தேன், பிறகு என்ன நடந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால், போன பல்லின் இடத்தில் வேறு பல் வைப்பது என்றால் என்ன, யாருக்கு எது பொருந்தும், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்று ஒரு பாடம் மாதிரி பார்த்துவிடலாம். வீட்டில் யாருக்காவது ஒரு பல் போயிருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆறு வயதுப் பல்

எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இல்லாமல் இருப்பது எது தெரியுமா? கீழ்க் கடைவாயில் முதல் பெரிய பல். அதற்கு ஒரு காரணம் உண்டு.

குழந்தைக்குப் பால் பற்கள் 20. இவை ஒவ்வொன்றாக விழுந்து, அந்த இடத்தில் நிரந்தரப் பல் முளைக்கும். ஆனால், ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன பாருங்கள், அவை எந்தப் பல்லும் விழாமலே புதிதாக வருகிறவை. அதனால் பெற்றோருக்கு இது நிரந்தரப் பல் என்பதே தெரிவதில்லை. சொத்தை விழுந்தாலும், “விழுந்து முளைக்கிற பல்தானே, போகட்டும்” என்று விட்டுவிடுவார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது! இருபது வயதுக்குள் சொத்தை வேர் வரை போய், வலி தாங்காமல் பிடுங்கிவிட்டு, “பின்னாடி இருக்கிற பல்தானே, யாருக்குத் தெரியப் போகுது” என்று அடுத்த இருபது வருடத்தை ஓட்டிவிடுவார்கள்.

வெளியே தெரியாதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது?

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவர் எழுந்து இறங்கிப் போனதும் மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள்? தங்களை அறியாமலே கொஞ்சம் தளர்ந்து, சரிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பற்களும் அப்படித்தான். பின்னால் இருக்கும் பல், காலியான இடத்தை நோக்கி முன்னால் சாயும். மேலே எதிர் வரிசையில் இருக்கும் பல், கடித்து நிறுத்த ஆள் இல்லாததால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சாய்ந்த பல்லுக்கு அடியில் சோறு மாட்டும். அதை எடுக்கக் குச்சி, ஊக்கு, சில பேர் கொண்டை ஊசி! அங்கே ஈறு கெட்டு, அடுத்த பல்லுக்கும் ஆட்டம் வரும். அந்தப் பக்கம் மெல்ல முடியாததால் ஒரே பக்கமாக மெல்லுவார்கள். அந்தப் பக்கத்துப் பற்கள் சீக்கிரம் தேயும்.

இதைவிட முக்கியமானது எலும்பு. தாடையில் பல்லைச் சுற்றி இருக்கும் எலும்பு, பல்லுக்காகவே இருக்கிறது. பல் போனதும் அதற்கு வேலையில்லை. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, கரைத்துவிடும். பல் பிடுங்கிய ஒரு வருடத்துக்குள், அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே கரைகிறது. அதற்காக மறுநாளே பதறி ஓடி வர வேண்டாம். ஆனால், “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று பத்து வருடம் தள்ளிப்போட்டால், அன்றைக்குச் சுலபமாக முடிந்திருக்க வேண்டிய வேலை, எலும்பு சேர்க்கும் ஆபரேஷனோடு சேர்ந்து இரண்டு மடங்குச் செலவில் வந்து நிற்கும்.

போன பல்லுக்கெல்லாம் மாற்று வைத்தே தீர வேண்டுமா என்றால், இல்லை. ஞானப் பல்லுக்கு வேண்டவே வேண்டாம். கடைசிக் கடைவாய்ப் பல் போய், அதற்கு நேர் எதிரிலும் பல் இல்லையென்றால் பல பேருக்கு அப்படியே விட்டுவிடலாம். இதைச் சொன்னால் என் வருமானம்தான் குறையும், பரவாயில்லை!

மூன்று வழிகள்

முதல் வழி, கழற்றி மாட்டும் பல் செட். விலை குறைவு, கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ராத்திரி கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, காலையில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அசையும், அடியில் சோறு போகும், எலும்பு கரைவதை நிறுத்தாது. தற்காலிகத்துக்கு இதைப் போல் கைகொடுப்பது வேறில்லை.

இரண்டாவது பிரிட்ஜ். காலி இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல்... இரண்டையும் சுற்றிலும் தேய்த்துச் சின்னதாக்கி, மூன்று கேப் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பாலத்தை மேலே ஒட்டிவிடுவது. இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம்கூட வரும். குறை என்னவென்றால், ஒரு பல்லுக்காக நல்ல பல் இரண்டைத் தேய்க்க வேண்டும். தேய்த்த பல் தேய்த்ததுதான், திரும்ப வராது. பாலத்துக்கு அடியில் எலும்பு கரைவதும் நிற்காது. ஆனால் இரண்டு பக்கத்துப் பல்லும் ஏற்கெனவே சொத்தையாகி, ரூட் கெனால் செய்து, எப்படியும் கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால், பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். அங்கே போய் இம்பிளான்ட்டுக்குச் செலவழிப்பதை நானே வேண்டாம் என்பேன்.

மூன்றாவதுதான் இம்பிளான்ட்.

நிலத்தில் ஆழ்துளை போட்டுக் குழாய் இறக்குகிற மாதிரி, தாடை எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத்தாலான சின்ன ஸ்க்ரூவை இறக்குகிறார்கள். சாதாரணமாக 10 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி கூடும், குறையும். இது பல்லின் வேருக்குப் பதில். அதன் தலையில் ஒரு கட்டை மாதிரி இணைப்புத் துண்டு. அதன் மேல் பல் வடிவத்தில் கேப். பக்கத்துப் பற்களைத் தொடவே வேண்டாம்.

முயல் கற்றுக் கொடுத்த பாடம்

எலும்புக்குள் இரும்பை வைத்தால் உடம்பு சும்மா விடுமா, சீழ் பிடித்துத் தள்ளிவிடாதா என்ற சந்தேகம் நியாயமானது. டாக்டர்களுக்கே அந்தச் சந்தேகம் நீண்ட காலம் இருந்தது.

ஸ்வீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்று ஒரு ஆராய்ச்சியாளர். அவர் பல் டாக்டரே இல்லை! எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக, 1950-களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சின்னக் கருவியைப் பதித்து, நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது. விலை உயர்ந்த கருவி, அடுத்த முயலுக்கு ஆகும் என்று கழற்றப் போனார். வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தை அப்படியே தன்னோடு கட்டிப்பிடித்துக்கொண்டுவிட்டது. நடுவில் சவ்வுகூட இல்லை.

அங்கேதான் பொறி தட்டியது. பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு, 1965-இல் கீழ்த் தாடையில் பல்லே இல்லாத ஒரு மனிதருக்கு நான்கு டைட்டானியம் வேர்களைப் பதித்தார். அந்த மனிதர் 2006-இல் காலமாகும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பற்களால்தான் சாப்பிட்டார். அப்படியும் மருத்துவ உலகம் சட்டென்று நம்பிவிடவில்லை. 1982-இல் கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த மாநாட்டில் எல்லாக் கணக்கையும் எடுத்து வைத்த பிறகுதான் மற்ற நாடுகளும் கையில் எடுத்தன.

டைட்டானியம் காற்று பட்டதுமே தன்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதனால் துருப்பிடிப்பதில்லை, உடம்பும் அதை எதிரியாக நினைப்பதில்லை. இன்றைக்கு ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து வைத்த இம்பிளான்ட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பத்து வருடம் தாண்டி நிற்கின்றன. மிச்சம் தோற்கவும் செய்கின்றன. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு...

முதலில் எக்ஸ்ரே. முழுத் தாடையும் தெரிகிற ஓ.பி.ஜி. படம், அதோடு பல இடங்களில் சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாண ஸ்கேன். “எதுக்கு டாக்டர் இவ்வளவு படம்?” என்று கேட்காதீர்கள். கீழ்த் தாடைக்குள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று குழாய்க்குள் ஓடுகிறது. ஸ்க்ரூவின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் நடுவில் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நரம்பில் பட்டால் உதடு மரத்துப் போய், காபி வழிவதுகூடத் தெரியாது. மேல் தாடையிலோ கடைவாய்க்கு மேலே சைனஸ் என்ற காற்றறை. அங்கே எலும்பு உயரம் குறைவாக இருந்தால் சைனஸின் தரையைத் தூக்கி, எலும்புத் துகள் நிரப்பித்தான் வைக்க முடியும்.

எலும்புத் துகள் என்றதும் ஒரு விஷயம். கடையில் வருகிற எலும்புத் துகள்களில் பல, மாட்டு எலும்பைச் சுத்திகரித்துச் செய்தவை. பலர் இதைக் கேட்டுக்கொள்வதில்லை, சில டாக்டர்கள் சொல்வதுமில்லை. வீட்டில் சைவம், அது மனசுக்கு ஒப்பாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயற்கையாகத் தயாரித்ததும் கிடைக்கிறது. ஆபரேஷன் முடிந்து பில்லில் படித்துவிட்டு அழுது பிரயோஜனமில்லை!

ஆபரேஷன் மரப்பு ஊசியில்தான். முழு மயக்கம் தேவையில்லை. பல் பிடுங்குவதைவிட வலி குறைவு என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். பல்லை ராவும் மெஷின் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றும். ‘கீங்...’ என்று கேட்டாலே பாதிப் பேருக்குக் கை நடுங்கும். எலும்பில் துளை போடும் மெஷினோ ஆயிரம் சுற்றை ஒட்டித்தான் ஓடும். மேலே உப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். காரணம், எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட்டுப்போக ஆரம்பிக்கும். செத்த எலும்பு ஸ்க்ரூவைக் கட்டிப்பிடிக்காது.

ஒரு பல் என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம். தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு ஐஸ் ஒத்தடம். சூடாக எதுவும் வேண்டாம். ஆறின கஞ்சி, குழைந்த தயிர் சாதம், இட்லி. துப்பாதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். இரண்டு மூன்று நாள் வீக்கம் இருக்கும். நான்காவது நாளும் வீக்கம் குறையாமல் ஏறினால் போன் செய்யுங்கள்.

பிறகுதான் பொறுமை. எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். கீழ்த் தாடை எலும்பு கெட்டி, இரண்டு மூன்று மாதம். மேல் தாடை கொஞ்சம் பஞ்சு மாதிரி, நான்கிலிருந்து ஆறு மாதம்கூட ஆகலாம். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. “வெறும் ஸ்க்ரூவுக்கா இவ்வளவு காசு?” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

அது முடிந்ததும் ஈறைச் சின்னதாகத் திறந்து, ஒரு மூடியைப் பொருத்துவார்கள். அதைச் சுற்றி ஈறு பல்லுக்கான வடிவத்தில் ஆறும். பிறகு அளவு எடுப்பார்கள். முன்பெல்லாம் வாய் நிறையப் பிசின் மாதிரி வைத்து எடுப்பார்கள், இப்போது பல இடங்களில் கேமராவை வாய்க்குள் ஓட்டியே எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கேப்.

கேப்பில் இரண்டு வகைதான் அதிகம். உள்ளே உலோகம், வெளியே பீங்கான் உள்ளது ஒன்று. முழுக்க ஜிர்கோனியா இன்னொன்று. கடைவாய்க்கு இரண்டும் உழைக்கும். முன்பல்லுக்கு ஜிர்கோனியாவோ முழுப் பீங்கானோ இருந்தால் பார்க்க இயற்கையாக இருக்கும். ஈறு ஓரத்தில் கருப்புக்கோடு தெரியாது. நிறம் பார்ப்பதை ட்யூப்லைட்டில் பார்க்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஒரு கண்ணாடியைக் கேட்டு வாங்கி நீங்களும் பாருங்கள். டாக்டரின் கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதாது, உங்கள் கண்ணுக்கும் சரியாக இருக்க வேண்டும்.

கடைவாய்க் கேப்பின் நடுவில் ஒரு சின்ன வட்டம் மாதிரி தெரிந்தால் பயப்படாதீர்கள். அதன் வழியாகத்தான் உள்ளே திருகை முடுக்கி, மேலே பல் நிறச் சிமென்ட்டால் அடைத்திருக்கிறார்கள். பின்னால் திருகு தளர்ந்தால் அந்த வழியாகவே முடுக்கிவிடலாம்.

யார் காத்திருக்க வேண்டும்?

அந்த அம்மாவுக்கு ஏன் மறுத்தேன் என்பதற்கு இப்போது வருகிறேன். சர்க்கரை ஏறிக் கிடந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமி சுலபமாகத் தொற்றும், புது எலும்பு உருவாவதும் மந்தமாகும். சொல்லப்போனால், அவருக்கு அந்த முன்பல் ஆடி விழுந்ததற்கே ஈறு நோயும் சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலைதான் காரணம். நோய் பிடித்த ஈறில், கட்டுப்படாத சர்க்கரையில் ஸ்க்ரூ வைத்தால், பல்லுக்கு வந்த கதிதான் ஸ்க்ரூவுக்கும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இம்பிளான்ட் கூடாது என்று யாராவது சொன்னால் அது தவறு. கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

சிகரெட், பீடி பிடிக்கிறவர்களுக்கு இம்பிளான்ட் தோற்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களில் சிலருக்கு வாய் உள்தோல் நார் நாராக இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் போகும். அப்படியானால் இம்பிளான்ட்டை மறந்துவிட்டு முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு ஊசி போடும் அம்மாக்கள், அதை மறக்காமல் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பில் ஆறாத புண்ணை உண்டாக்கக் கூடியவை. “அது கால் வலிக்குத்தானே போட்டது” என்று மறைத்துவிடாதீர்கள். ஹார்ட் பிரச்னைக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் வைத்தியத்துக்காக நீங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. ஹார்ட் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இதேதான்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளில் விழுந்து முன்பல் போய்விட்டது, உடனே இம்பிளான்ட் வைக்கலாமா என்று கேட்பார்கள். 18 வயதுக்கு முன்னால் வேண்டாம். தாடை வளரும்போது மற்றப் பற்கள் கூடவே நகரும். ஸ்க்ரூ நகராது. நாலு வருடத்தில் அந்தப் பல் மட்டும் மேலே குட்டையாக மாட்டிக்கொண்டு நிற்கும். மேல் வயதுக்கு எல்லை கிடையாது. உடம்பு நன்றாக இருந்தால் எழுபத்தைந்திலும் வைக்கலாம்.

தாத்தா பாட்டி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. கீழ்த் தாடையில் பல்லே இல்லாமல், பல் செட் ஆடி ஆடிப் புண்ணாகி, அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு ரசம் சாதத்திலேயே காலம் தள்ளுகிறார்களே... அவர்களுக்கு வாய் முழுக்க இம்பிளான்ட் தேவையில்லை. முன்பக்கம் இரண்டே இரண்டு வைத்து, பல் செட்டை ஜாக்கெட் பிரஸ் பட்டன் மாதிரி ‘டிக்’கென்று அதில் மாட்டிவிடலாம். 2002-இல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த் தாடைக்கு இதைத்தான் முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

காசு... காசு...

ஒரு பல்லுக்குச் சுமார் 20 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஸ்க்ரூ எந்தக் கம்பெனி, கேப் எந்த வகை, எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் மேலேயும் போகும். சாதாரண மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதற்குக் கொடுக்காது.

விலை கேட்கும்போது இதையும் கேளுங்கள்: “இதில் கேப்பும் சேர்த்தியா?” சில இடங்களில் சொல்வது ஸ்க்ரூவுக்கு மட்டும். இணைப்புத் துண்டு தனி, கேப் தனி, ஸ்கேன் தனி, எலும்புத் துகள் தனி என்று கணக்கு வளரும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ வந்த டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, பேட்ச் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அங்கே இருக்கும் டாக்டர் திண்டாடுவார். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாவி!

கையில் அவ்வளவு வசதி இல்லையென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரியுங்கள். மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்கிறார்கள். நடையும் நேரமும் அதிகமாகும், அவ்வளவுதான்.

“மூன்றே நாளில் நிரந்தரப் பல்!” என்ற போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ இறுக்கமாகப் பிடித்தால், சிலருக்கு உடனே பல் மாட்ட முடியும். முன்பல் என்றால், எதிர்ப் பல்லில் இடிக்காதபடி தற்காலிகக் கேப் போடுவதும் வழக்கம்தான். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே போனில் “மூணு நாள் போதும்” என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசித்துப் போங்கள். நன்றாக இருக்கும் நாலைந்து பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு முழுசாகப் போடலாம் என்று சொன்னால், கட்டாயம் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

பொய்ப் பல்லுக்கும் பிரஷ்!

“அதுல சொத்தை வராதே டாக்டர்?” வராதுதான். ஆனால் ஈறு நோய் வரும்!

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. சோற்றில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் ‘நறுக்’கென்று உடனே தெரிவது அதனால்தான். இம்பிளான்ட்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது, எலும்போடு எலும்பாக ஒட்டி இருக்கிறது. அதனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாது. முறுக்கையும் கடலை உருண்டையையும் அந்தப் பக்கம் வைத்துப் பலத்தைச் சோதிக்காதீர்கள். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் ராத்திரியில் போட்டுக்கொள்ள ஒரு கவசம் செய்து கொடுப்பார்கள். அதைச் செய்து வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்!

அழுக்கு சேர்ந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி ஈறு வீங்கி, பிறகு எலும்பு கரைய ஆரம்பிக்கும். மோசம் என்னவென்றால், வலிக்காது. தேய்க்கும்போது ரத்தம், அழுத்தினால் சீழ், கெட்ட வாடை... இதில் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். முற்றிவிட்டால் ஸ்க்ரூவையே எடுக்க வேண்டி வரும். தினம் இரண்டு வேளை மிருதுவான பிரஷ், பல் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷோ நூலோ ஒரு வேளை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர். வேப்பங்குச்சி, உமிக்கரி, செங்கல் பொடி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. பல் ஆடுகிற மாதிரி இருந்தால் உடனே மனசு உடைந்து போக வேண்டாம். பல சமயம் கேப்பின் திருகு தளர்ந்திருக்கும், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆடுவதோடு மாதக்கணக்கில் சாப்பிட்டால் திருகு உள்ளேயே முறியும்.

சரி, அந்த அம்மா?

கோபமாகப் போனவர், இரண்டு நாள் கழித்துக் கணவரோடு வந்தார். கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் ஒன்றைச் செய்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் முடிந்தது. மாசியில் கல்யாணம். ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் சிரித்திருக்கிறார், கொண்டு வந்து காட்டினார். அதற்கிடையே ஈறைச் சுத்தம் செய்தோம். சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றினார், காலையில் நடக்க ஆரம்பித்தார். ஆனி மாதம் பரிசோதித்தபோது 7.1.

“இப்ப வச்சிடலாம்மா” என்றேன். “ஆடி பொறக்கப் போகுதே டாக்டர். ஆவணியில வச்சுக்கலாமே!” என்றார். ஆடியில் ஸ்க்ரூ பிடிக்காது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் சரி என்றேன். சர்க்கரையை இன்னும் ஒரு மாதம் கட்டுக்குள் வைத்தால் லாபம்தானே! ஆவணியில் ஸ்க்ரூ, கொஞ்சம் எலும்புத் துகளும் சேர்த்து. தை பிறந்து கேப்.

போன வாரம் ஆறு மாதச் சோதனைக்கு வந்தார். பல் நன்றாக இருக்கிறது. பேசும்போது கை மட்டும் பழக்க தோஷத்தில் இன்னும் புடவைத் தலைப்பைத் தேடுகிறது. கூடவே மருமகன். இருபத்தெட்டு வயது. கீழ்க் கடைவாயில் ஆறு வயதுப் பல்லில் பெரிய சொத்தை.

“இதைப் பிடுங்கிட்டு அத்தைக்கு வச்ச மாதிரியே ஸ்க்ரூ வச்சிடுங்க டாக்டர்!” என்றார் உற்சாகமாக.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். வேர் இரண்டும் உறுதியாக இருந்தன, சுற்றிலும் எலும்பு முழுசாக இருந்தது. ரூட் கெனால் செய்து கேப் போட்டால் போதும், அந்தப் பல்லே இருக்கும். வரும் புதன்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.